மேக்னட் காயில் கொடுப்பதற்கு மேல் வெளிச்சம் கிடைக்காது!

டூவீலர் கேள்வி - பதில்

இந்த முறை செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கியவர்களின் கேள்விகள் மட்டும். கடிதங்களில் பாதிக்கு மேல் ஹெட்லைட்டைப் பற்றியே வந்திருப்பதால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

2012 மாடல் ஸ்ப்ளெண்டர் பிளஸ் வாங்கியிருக்கிறேன். இன்னும் எட்டாயிரம் ரூபாய் வரை செலவு செய்யலாம். அலாய் வீல், எல்.இ.டி. ஹெட்லைட், புது சைலன்ஸர் என்று கடைக்காரர் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார். எதில் தொடங்குவது?
- வாசகர், பல்லடம்

பட்டியலை மடித்துப் பையில் வைத்துவிட்டு, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின்பக்கம் ஒருவரை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, ஹேண்டில்பாரை விரல் நுனியால் மெல்ல இடமும் வலமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ‘டக்’கென்று பிடித்து நின்றால் கோன் செட்டில், அதாவது ஹேண்டில் கழுத்து பேரிங்கில், குழி விழுந்துவிட்டது. ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது கழுத்தில் ஆட்டம் தெரிந்தாலும் அதே இடம்தான். அது வெறும் லூஸாக இருந்தால் டைட் வைத்தால் போதும். குழி விழுந்ததை எத்தனை முறை டைட் வைத்தாலும் வண்டி நேராக ஓடாது, மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தது பிரேக். பின் பிரேக்கை முழுதாக மிதிக்கச் சொல்லிவிட்டு, டிரம் மூடியின் மேல் இருக்கும் சிறிய அம்புக்குறியைப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் கோட்டை அது தொட்டுவிட்டால் ஷூ முடிந்தது. முன்பக்கமும் அப்படியே. ஷூ மாற்றும்போது அதை விரிக்கும் கேம் ஷாஃப்டைக் கழற்றித் துடைத்து, மிகக் கொஞ்சமாக கிரீஸ் தடவச் சொல்லுங்கள். பல இடங்களில் இதைச் செய்வதில்லை. புது ஷூ போட்டும் பிரேக் ‘கட்டை’யாக இருக்கக் காரணம் பெரும்பாலும் துருப்பிடித்த அந்த கேம்தான். கிரீஸ் அதிகமானால் லைனிங்கில் வழிந்து புது ஷூவும் வீண்.

செயினைப் பின் ஸ்பிராக்கெட்டின் கடைசிப் புறத்தில் பிடித்துப் பின்னால் இழுங்கள். பல்லின் பாதி வெளியே தெரிந்தால் செயின் நீண்டுவிட்டது. செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயினை ஏற்றினால் அந்தச் செயினும் சீக்கிரமே நீண்டுவிடும். கோவை எல்.ஜி.பி.யின் ரோலான் கிட் எந்த ஊரிலும் கிடைக்கும். செயின் லாக் கிளிப்பின் மூடிய முனை, செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஒரு கல் பட்டாலே கிளிப் தெறித்துவிடும்.

டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். ‘3517’ என்றால் 2017-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் அவ்வளவு பழைய ரப்பர் ஈரத்தில் பிடிக்காது.

இவையெல்லாம் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் பணம் ஹெட்லைட்டுக்கு. சைலன்ஸருக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

என் 2010 ஸ்ப்ளெண்டரில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. சிக்னலில் நின்றால் அகல் விளக்காகிவிடுகிறது. எல்.இ.டி. பல்பு போட்டேன். மினுக்கிக்கொண்டே இருந்து மூன்று வாரத்தில் போய்விட்டது. பல்பு டூப்ளிகேட்டா?
- வாசகர், மன்னார்குடி

பல்பு ஒரிஜினலாக இருந்திருந்தாலும் இதே கதிதான். உங்கள் வண்டியில் ஹெட்லைட்டுக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமில்லை. இன்ஜினின் இடப்பக்க மூடிக்குள் இருக்கும் மேக்னட் காயிலிலிருந்து ஏ.சி. மின்சாரம் மஞ்சள் வயர் வழியாக நேரே ஹெட்லைட்டுக்குப் போகிறது. இன்ஜின் வேகம் குறைந்தால் காயில் தரும் மின்சாரமும் குறையும், வெளிச்சமும் சுருங்கும். இண்டிகேட்டர், ஹாரன், பிரேக் லைட் ஆகியவைதான் பேட்டரியின் டி.சி.யில் ஓடுபவை.

எல்.இ.டி.க்கு வேண்டியது டி.சி. அதை ஏ.சி. லைனில் மாட்டினால் அலையின் ஒரு பாதியில் எரிந்து மறு பாதியில் அணைகிறது. கண்ணுக்கு அது மினுக்கலாகத் தெரியும். உள்ளே இருக்கும் சின்ன டிரைவர் சர்க்யூட்டில் ஒவ்வொரு அலைக்கும் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் கெப்பாசிட்டர் சூடாகிச் சீக்கிரம் செத்துப்போகும். ‘ஏ.சி./டி.சி. இரண்டிலும் எரியும்’ என்று விற்கும் பல்புகளுக்குள் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் பிரிட்ஜ் ரெக்டிஃபயர் இருக்கும். அது பல்பு கருகாமல் பார்த்துக்கொள்ளும். ஐடிலிங்கில் மங்குவதை அதுவும் மாற்றாது.

செலவில்லாத வேலையிலிருந்து ஆரம்பிப்போம்.

ஹெட்லைட் டூமைக் கழற்றி உள்ளே ரிஃப்ளெக்டரைப் பாருங்கள். பதினைந்து வருட வண்டியில் வெள்ளிப்பூச்சு மஞ்சளாகவோ புகை படிந்தோ இருக்கும். துணியால் துடைக்காதீர்கள், பூச்சு கையோடு வந்துவிடும். புது டூம் செட் மாற்றினாலே வித்தியாசம் தெரியும். இதைச் செய்யாமல் பல்பை மட்டும் மாற்றுவது அழுக்குக் கண்ணாடிக்குப் புது ஃபிரேம் போடுகிற மாதிரி.

பிறகு எர்த். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போடுங்கள். ஒரு முனையை இன்ஜின் உடம்பிலும் மறு முனையைப் பல்பு ஹோல்டருக்கு வரும் பச்சை வயரிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பல்புக்குப் போகவேண்டிய மின்சாரம் துருவில் வீணாகிறது. எர்த் முனைகளைக் கழற்றி உப்புத்தாள் போட்டு இறுக்குங்கள். ஹேண்டில்பாரில் இருக்கும் டிம்-டிப் சுவிட்சின் தொடுமுனைகளும் கறுத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பலமுறை தட்டுங்கள்.

பல்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்த வண்டிக்கு உரியது 35/35 வாட். கார்களுக்கு வரும் 60/55 வாட் எச்4 பல்பைக் காதை ராவித் திணித்துக் கொடுப்பார்கள். காயிலால் அவ்வளவு மின்சாரம் தர முடியாது. வோல்ட் விழுந்து, பழைய பல்பைவிட மஞ்சளாக எரியும். நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் போகும்போது கொஞ்சம் பிரகாசம் கூடலாம், அப்போது ஹோல்டர் உருக ஆரம்பிக்கும். 35/35 வாட்டிலேயே நல்ல கம்பெனி ஹாலஜன் வாங்கி, கண்ணாடியில் விரல் படாமல் மாட்டுங்கள். விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் மட்டும் அதிகம் சூடாகி, பல்பு சீக்கிரம் போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு போதவில்லை என்றால்தான் ‘டி.சி. கன்வர்ஷன்’. இதை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். முதலாவது, ஹெட்லைட் வயரை வெட்டி பேட்டரி லைனில் சேர்த்துவிடுவது. பத்து நிமிட வேலை. ஆனால் உங்கள் வண்டியின் ரெகுலேட்டர் அலையின் ஒரு பாதியை மட்டுமே பேட்டரிக்கு அனுப்புகிறது. 35 வாட் ஹாலஜனை அதில் தொங்கவிட்டால் இரண்டு இரவில் ஹாரன் கம்மிப்போகும்.

இரண்டாவதுதான் முறையான வேலை. மேக்னட்டைப் புல்லர் போட்டுக் கழற்றி, லைட்டிங் காயிலின் ஒரு முனை இரும்புக் கோரில் எர்த் ஆகியிருப்பதை எடுத்துவிட்டு, அதைத் தனி வயராக வெளியே கொண்டுவர வேண்டும். அந்த முனையும், பேட்டரி சார்ஜுக்காகக் காயிலிலிருந்து வரும் வெள்ளை வயரும், அலையின் இரண்டு பாதியையும் பயன்படுத்தும் ஃபுல்-வேவ் ரெகுலேட்டருக்குப் போகும். மஞ்சள் வயர் எதிலும் சேராமல் முனை மூடி நிற்கும். இக்னிஷனுக்கு உள்ள காயிலைத் தொடவே கூடாது. காயிலின் வார்னிஷ் ஒரு இடத்தில் உரிந்து கோரில் பட்டுவிட்டால் சார்ஜ் சரியாக ஆகாது, எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பதும் கடினம். எனவே இதைக் காயில் கட்டிப் பழகியவரிடம் மட்டும் கொடுங்கள். மஞ்சள் லைனில் இருந்த டெயில் லைட், மீட்டர் லைட் ஆகியவற்றையும் மறக்காமல் டி.சி.க்கு மாற்றச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் கடையை விட்டு நகராமல் ஒரு சோதனை: எல்லா விளக்கும் எரிய, பிரேக்கை மிதித்தபடி, இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்து பேட்டரி முனைகளில் டி.சி. வோல்ட் பாருங்கள். 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் இருந்தால் சரி. 13-க்குக் கீழே என்றால் வரவைவிடச் செலவு அதிகம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் சரியில்லை, பேட்டரி வெந்துவிடும்.

ஹாலஜன் டூமிலேயே எல்.இ.டி. பல்பு போட்டால் எதிரில் வருபவர்கள் திட்டுகிறார்கள். ஏன்?
- வாசகி, திண்டிவனம்

நியாயமாகத்தான் திட்டுகிறார்கள். ரிஃப்ளெக்டரின் வளைவு, ஹாலஜன் இழை இருக்கும் அந்த ஒரே புள்ளியைக் கணக்கு வைத்துச் செய்யப்பட்டது. எல்.இ.டி. சிப் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலும் லோ பீமின் மேல் விளிம்பு கலைந்து, வெளிச்சம் மரத்தில் அடிக்கும். சாலைக்கு வருவது குறையும். போட்டே ஆகவேண்டும் என்றால் சிப்புகள் இடமும் வலமும் பார்க்கும்படி பல்பைத் திருப்பி மாட்டுங்கள், மேலும் கீழும் பார்க்கக் கூடாது. பிறகு சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி, நீங்கள் உட்கார்ந்த நிலையில், லோ பீமின் மேல் விளிம்பு ஹெட்லைட்டின் நடு உயரத்துக்கு 5 செ.மீ. கீழே விழுமாறு இறக்குங்கள். விளிம்பே தெரியாமல் வெளிச்சம் சிதறினால் அந்தப் பல்பு உங்கள் டூமுக்கு ஆகாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நாலு இண்டிகேட்டரையும் எல்.இ.டி.யாக மாற்றினேன். முதலில் வேகவேகமாக அடித்தது. ஃபிளாஷர் மாற்றியதும் இப்போது எந்தப் பக்கம் போட்டாலும் நாலும் சேர்ந்து அடிக்கிறது!
- வாசகர், சங்கரன்கோவில்

வேகமாக அடித்ததற்குக் காரணம் பழைய ஃபிளாஷர். இரண்டு 10 வாட் பல்பின் சுமை இருந்தால்தான் அது சரியான தாளத்தில் அடிக்கும். எல்.இ.டி. ஒன்றிரண்டு வாட்தான் என்பதால் பல்பு ஃபியூஸ் போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறது. எலக்ட்ரானிக் ஃபிளாஷர் போட்டது சரி. சுமைக்காக ரெசிஸ்டர் கட்டச் சொல்லியிருந்தால், எல்.இ.டி. மிச்சப்படுத்திய மின்சாரத்தையெல்லாம் அது சூடாக்கியே தீர்த்திருக்கும்.

நாலும் சேர்ந்து அடிப்பது மீட்டருக்குள் நடக்கும் விஷயம். இடத்துக்கும் வலத்துக்கும் ஒரே அம்புக்குறி விளக்கு இருக்கும் வண்டிகளில் அந்தச் சின்ன பல்பின் ஒரு கால் இடப்பக்க வயரிலும் மறு கால் வலப்பக்க வயரிலும் இருக்கும். இடப்பக்கம் போட்டால் மின்சாரம் அந்தப் பல்பைக் கடந்து வலப்பக்க விளக்குகள் வழியாக எர்த்துக்குப் போகும். பழைய 10 வாட் பல்பு அவ்வளவு சொற்ப மின்சாரத்தில் எரியாது. எல்.இ.டி. எரிந்துவிடும்.

தீர்வுக்கு இரண்டு 1என்4007 டயோடு போதும். எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். மீட்டர் பல்பின் இரண்டு வயரையும் எடுத்துவிடுங்கள். ஒரு டயோடை இடப்பக்க வயரிலும், இன்னொன்றை வலப்பக்க வயரிலும் சேர்த்து, வெள்ளிக்கோடு போட்ட முனைகள் இரண்டையும் ஒன்றாக முறுக்கிப் பற்றவைத்து பல்பின் ஒரு காலுக்குக் கொடுங்கள். மறு கால் எர்த்துக்கு, ஸ்ப்ளெண்டர் என்றால் பச்சை வயருக்கு. ஒவ்வொரு டயோடுக்கும் தனித்தனியாக ஹீட் ஷ்ரிங்க் டியூப். இரண்டிலும் கோடு மாறிப்போனால் விளக்கு எரியாது, அவ்வளவுதான், வேறு சேதம் இல்லை.

2018 பல்ஸர் 150-இல் மினி டிரைவிங் லைட் ஜோடி போடப்போகிறேன். கடையில் ஹெட்லைட் வயரிலேயே ஜாயின்ட் அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். ரிலே அவசியமா? போலீஸ் பிடிப்பார்களா?
- வாசகர், ஓசூர்

ரிலே என்பது சொற்ப மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச். அது இல்லாமல் போடவே வேண்டாம். அதன் நாலு பின்களில் எண் அச்சிட்டிருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து முதலில் ஃபியூஸ், அதிலிருந்து 30 என்ற பின்னுக்கு. விளக்குகளுக்குப் போவது 87. 85 எர்த். 86-க்கு சுவிட்சிலிருந்து வரும் வயர். இப்படிக் கொடுத்தால் ஹேண்டில்பார் சுவிட்சில் ஓடுவது ரிலேவை இழுக்கும் சொற்ப மின்சாரம் மட்டும்.

ஒவ்வொன்றும் 20 வாட் என்றால் ஜோடிக்கு 40. பன்னிரண்டால் வகுத்தால் ஏறக்குறைய 3.3 ஆம்பியர். 5 ஆம்பியர் ஃபியூஸும் 1 சதுர மி.மீ. வயரும் தாராளம். ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கவேண்டும். விளக்குப் பக்கம் போட்டால், நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது இருந்தும் இல்லாததுபோல்தான். பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை நம்பாதீர்கள். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாற்றிவைத்துத் தொடராக இணைத்துப் பார்த்தால் ‘40 வாட்’ விளக்கு 1 ஆம்பியர்கூட இழுக்காததைப் பார்க்கலாம்.

86-க்கு வரும் சுவிட்சின் ஊட்டத்தை ஹை பீம் வயரிலிருந்து எடுங்கள். எதிரே வண்டி வரும்போது டிப் அடித்தால் டிரைவிங் லைட்டும் தானாக அணையும். இந்த ஒரு வயரை மாற்றிக் கொடுக்காததால்தான் ஊரெல்லாம் கண் கூசுகிறது.

பொருத்தும் இடம் லெக் கார்டு, ஹெட்லைட்டுக்குக் கீழே. 60 செ.மீ. உயரத்தில் மாட்டியிருந்தால், 5 மீட்டர் தள்ளிய சுவரில் வெளிச்சத்தின் நடு 45 செ.மீ. உயரத்தில் விழவேண்டும். அப்போது சாலையில் 20 மீட்டர் தூரத்தில் இறங்கும். ஜாயின்ட்டில் வெறும் டேப் சுற்றினால் ஒரு மழைக்காலத்தில் செம்பு பச்சை பூத்துவிடும். கிரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் போடச் சொல்லுங்கள். கடைசியாக ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, கழுத்தில் வயர் இழுபடுகிறதா என்று பாருங்கள்.

சட்டத்துக்கு வருவோம். மத்திய மோட்டார் வாகன விதி 106-இன்படி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில் 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவருக்கு வெளிச்சம் கூசக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4)-இன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எனவே பிடிப்பதும் விடுவதும் அதிகாரியின் கையில் இருக்கிறது. நீல, சிவப்பு விளக்கும் விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோபும் போட்டிருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

ஸ்ப்ளெண்டருக்குப் பின்னால் 100/90-18 டயர் போட்டால் கிரிப் கூடுமா?
- வாசகர், ஆத்தூர்

குறையும். உங்கள் ரிம்மில் 1.60 என்று பொறித்திருக்கும், அதாவது ரிம்மின் அகலம் 1.6 அங்குலம். அவ்வளவு அகல டயரை ஒடுங்கிய ரிம்மில் ஏற்றினால் டயர் நடுவில் உப்பிக்கொள்ளும். தரையில் படும் பட்டை குறைந்து, நடுப்பகுதி மட்டும் தேயும், வளைவில் ஆடும். செயின் கார்டிலும் உரசலாம். 2.75-18-க்கு அடுத்த அளவான 3.00-18 இந்த ரிம்முக்குப் பொருந்தும். முன்னால் 2.75-18 அப்படியே இருக்கட்டும். உங்கள் வண்டியில் ஸ்பீடோ கேபிள் முன் சக்கரத்தில் இருப்பதால் கிலோமீட்டர் கணக்கும் மாறாது. ஸ்போக் ரிம்மில் டியூப்லெஸ் டயர் போட்டாலும் உள்ளே டியூப் வேண்டும், ஸ்போக் துளை வழியாகக் காற்று போய்விடும்.

முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் மைலேஜ் ஏறுமாம். உண்மையா?
- வாசகர், ஒட்டன்சத்திரம்

சமதளத்தில் தனியாகப் போனால் கொஞ்சம் ஏறலாம். முன்னால் 14 பல், பின்னால் 44 பல் என்றால் விகிதம் 3.14. முன்னால் 15 போட்டால் 2.93. அதே வேகத்தில் இன்ஜின் ஏறக்குறைய 7 சதவீதம் மெதுவாகச் சுழலும், இழுவையும் அதே அளவு குறையும். இரண்டு பேரோடு கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறினால் மூன்றாம் கியருக்குப் பதில் இரண்டில் ஓட்டி, மிச்சம் பிடித்த பெட்ரோலை அங்கேயே விட்டுவிடுவீர்கள். உங்கள் ஊருக்கு வேண்டாம்.

சத்தமான சைலன்ஸர் போட்டால் பிக்கப் வருமா?
- வாசகர், பெயர் வேண்டாம் என்கிறார்

வராது. கார்புரேட்டர் ஜெட்டைத் தொடாமல் சைலன்ஸரை மட்டும் திறந்துவிட்டால் கலவை மெலிந்து கீழ் வேக இழுவை போகும், ஆக்ஸிலரேட்டரை விடும்போது பட்பட்டென்று வெடிக்கும். ஒலி மாசுக்குத் தனியாகப் பிரிவு 190(2) இருக்கிறது, முதல் முறையே பத்தாயிரம் வரை போகலாம்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் மலிவாகக் கிடைக்கின்றனவே, வாங்கலாமா?
- வாசகி, ஆவடி

சைடு பேனல், மட்கார்டு, பெட்ரோல் டேங்க், கிராப் ரெயில், சீட் பேஸ் ஆகியவற்றைத் தாராளமாக வாங்கலாம். டேங்க் என்றால் டார்ச் அடித்து உள்ளே துரு பாருங்கள். அலாய் வீல் என்றால் ஒரு கம்பியில் தொங்கவிட்டுச் சுழற்றி, ஒரு இடத்தில் விரலை வைத்து விளிம்பு ஆடுகிறதா என்று பாருங்கள். ஆரங்கள் ரிம்மோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசலையும், புதிதாக பெயின்ட் அடித்த தடத்தையும் தேடுங்கள். வெல்டிங் வைத்த அலாய் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பிரேக் ஷூ, டயர், பேரிங், செயின், கேபிள் இந்த ஐந்தும் எப்போதும் புதிதுதான். அவற்றை உங்கள் பக்கத்து ஸ்பேர்ஸ் கடையிலோ சென்னை ஜி.பி. ரோட்டிலோ பில் போட்டு வாங்குங்கள். ரெகுலேட்டரைப் பழசில் வாங்கியே ஆகவேண்டும் என்றால், இப்போதைக்கு உங்கள் வண்டியில் இருப்பதன் பின்களின் எண்ணிக்கையையும் வயர் நிறங்களையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். சாக்கெட் ஒன்றுபோல் இருந்தும் உள்ளே வயர் வரிசை மாறியிருக்கும். மாட்டி சாவியைத் திருப்பிய உடனே ஃபியூஸ் போனால் அதுதான் காரணம்.